சாய்ந்த எழுத்தில் கேம்பல் பே

மோட்டார் பந்தயச் சுவரொட்டி, காலணிப் பெட்டி, கபடி வீரரின் பனியன், கணினி விளையாட்டின் தொடக்கத் திரை ஆகிய எல்லாவற்றிலும் ஒரே இனத்தைச் சேர்ந்த எழுத்துருக்களைக் காணலாம். தண்டு தடித்திருக்கும், உடல் அகன்றிருக்கும், மூலைகள் கூராக வெட்டப்பட்டிருக்கும், எழுத்து முழுவதும் வலப்பக்கம் சாய்ந்து, ஓடப் புறப்பட்டதுபோல் நிற்கும். வேகம், வலிமை, நாளை என்னும் மூன்று பொருள்களையும் சொல்லைப் படிப்பதற்கு முன்பே கண்ணுக்கு உணர்த்திவிடுவதுதான் அதன் வேலை. உரோமன் வரிவடிவத்தில் இத்தகைய எழுத்துருக்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. தமிழில், சாய்வை அடிப்படையாகக் கொண்டு தொடக்கத்திலிருந்தே வரையப்பட்டவை மிகச் சில. நேராக வரையப்பட்ட தடித்த எழுத்துரு ஒன்றை மென்பொருளில் பிடித்து இழுத்துச் சாய்த்துவிடுவதே பெருவழக்கு. அதற்கும் பொறுமை இல்லாதவர் தமிழ்ச் சொல்லையே உரோமன் எழுத்தில் எழுதிவிடுகிறார்.

இதனை வடிவமைப்பாளர்களின் தொழிற்கவலை என்று கருதி மொழியியல் துறைகள் பெரும்பாலும் ஒதுக்கிவைத்திருக்கின்றன. கல்வெட்டின் எழுத்துக்கும் பழைய அச்சுக்கும் எழுத்துச் சீர்திருத்தத்துக்கும் ஆய்வேடுகள் உண்டு. இளைஞர் ஒருவர் நாள்தோறும் தம் முதுகில் சுமந்து திரியும் எழுத்து ஆய்வுப்பொருளாவது அரிது. ஒரு மொழி எந்தெந்தச் சூழல்களில் வழங்குகிறது என்பதை ஆராய ‘களம்’ என்னும் கருத்தை ஜோஷுவா ஃபிஷ்மன் 1960களில் வளர்த்தெடுத்தார். வீடு, கோயில், பள்ளி, அலுவலகம் என்று களங்களைப் பிரித்து, எந்தக் களத்தில் எந்த மொழி என்று கேட்கும் முறை அது. வரிவடிவத்துக்கும் அவ்வாறான களங்கள் உண்டு என்பதையும், பேச்சில் இழக்காத களத்தை ஒரு மொழி எழுத்தில் இழக்கக்கூடும் என்பதையும் அந்தச் சட்டகத்துக்குள் சேர்த்தாக வேண்டும். கபடி ஆடுகளத்தின் ஓரத்தில் கேட்கும் கூச்சல் தமிழில்தான் இருக்கிறது. ஆடுபவரின் பனியனில் தமிழ் இல்லை. பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே விழும் இந்தப் பிளவுக்குச் சமூகக் காரணங்கள் பல உண்டு. அவை பலமுறை பேசப்பட்டவை. வடிவக் காரணம் ஒன்றும் உண்டு. அது பேசப்படவில்லை.

அந்த வடிவக் காரணத்தைச் சோதித்துப் பார்க்க ஓர் ஊர்ப்பெயர் போதும்: கேம்பல் பே.

பெரிய நிக்கோபார்த் தீவின் கிழக்குக் கரையில் உள்ள இவ்வூரில் 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. பஞ்சாபிலிருந்து வந்தவர் மிகுதி. மகாராட்டிரம், ஆந்திரம், கேரளம், தமிழ்நாடு முதலிய பகுதிகளிலிருந்து வந்தவர்களும் உளர். கோவிந்த் நகர், ஜோகிந்தர் நகர், விஜய் நகர், லட்சுமி நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் என்று குடியேற்றச் சிற்றூர்களின் பெயர்களே அந்தக் காலத்தின் மனநிலையைக் காட்டும். அவர்களுக்கு நெடுங்காலம் முன்பிருந்தே அத்தீவு ஷோம்பென் மக்களுக்கும் நிக்கோபாரியர்களுக்கும் உரியது. அந்தமான் நிக்கோபார் ஒன்றியப் பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டால், 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஆட்சிமொழிகள் இந்தியும் ஆங்கிலமும். ஆகவே அரசுப் பலகையில் தமிழுக்கு உறுதியான இடம் கிடையாது.

லாண்ட்ரியும் பூரிஸும் 1997இல் எழுதிய கட்டுரைக்குப் பின் ‘மொழி நிலத்தோற்றம்’ என்பது ஒரு தனி ஆய்வுத்துறையாகவே வளர்ந்தது. அரசு மேலிருந்து வைக்கும் பலகைகளையும் மக்கள் தாமாக எழுதிக்கொள்ளும் எழுத்துகளையும் அத்துறை வேறுபடுத்திப் பார்க்கும். தமிழ்நாட்டில் ஒருவர் தமிழை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பேருந்தின் நெற்றியில் தமிழ் இருக்கும். தீவுகளில் அப்படியன்று. கடைப்பெயர், கோயில் அழைப்பிதழ், திருமணப் பதாகை, விளையாட்டுக் குழுவின் சட்டை என்று தாமாக விரும்பி எழுதும் இடங்களில்தான் தமிழ் வரிவடிவம் அங்கே உயிர்வாழ முடியும். இவை அனைத்தும் பெரிய, தடித்த, கண்ணைப் பிடித்து இழுக்கும் எழுத்து வேண்டப்படும் இடங்கள். பக்கம் பக்கமாகப் படிப்பதற்கான எழுத்துருவில் தமிழ் எவ்வளவு செழித்திருந்தாலும் இங்கே அதனால் பயனில்லை. காட்சி எழுத்து இல்லாத வரிவடிவம் இத்தகைய ஊர்களில் விரைவில் கண்ணிலிருந்து மறையும்.

இனிப் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்க்கலாம். ‘ப’ என்னும் எழுத்தை எதிர்காலப் பாணிக்காரர்கள் கனவிலும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு செங்குத்துக் கோடுகள், ஓர் அடிக்கோடு, மேலே திறந்த வாய், அவ்வளவுதான். 1962இல் தூரினின் நெபியோலோ வார்ப்பகத்துக்காக ஆல்டோ நொவாரேசே வரைந்த யூரோஸ்டைல் எழுத்துரு, தொலைக்காட்சித் திரையைப் போன்ற மூலை மழுங்கிய சதுரத்தை ஒவ்வோர் எழுத்துக்கும் அடிப்படையாக்கியது. அறிவியல் புனைகதைப் படங்களின் திரைகளில் அந்த முகம் இன்றளவும் தொடர்கிறது. நொவாரேசே பெரிதும் உழைத்து உரோமன் எழுத்துக்குள் புகுத்திய சதுரத்தைத் தமிழின் ‘ப’ பிறவியிலேயே பெற்றிருக்கிறது. ‘ட’, ‘ம’, ‘ய’ ஆகியவையும் அதற்கு நெருங்கிய உறவு. ஆனால் அதே ஊர்ப்பெயரில் ‘க’வும் ‘ல’வும் இரட்டைக்கொம்பும் இருக்கின்றன. அவை சுழியும் வளைவுமாக ஓலையையும் எழுத்தாணியையும் நினைவூட்டுபவை. பாதிப்பெயர் வரப்போகும் நூற்றாண்டில் நிற்க, மீதி ஓலைச்சுவடியில் நிற்கிறது என்று சொன்னால் மிகையாகாது. இரண்டையும் ஒரே குடும்பமாகக் காட்டுவது வரைபவரின் கையில் இருக்கிறது. மென்பொருளின் சாய்வுப் பொத்தானுக்கு அந்தப் பொறுப்பு தெரியாது.

முதலில் தடிப்பு. ஓர் எழுத்தைத் தடிக்கச் செய்தால் அதன் உள்வெளி சுருங்கும். உரோமன் பேரெழுத்துகளில் உள்வெளி ஒன்றோ இரண்டோ. பலவற்றில் இல்லவே இல்லை. தமிழில் ‘ண’, ‘ஞ’, ‘ஐ’ போன்றவை அடுக்கடுக்கான வளைவுகள் கொண்டவை. ‘பே’ என்பதில் நெடிலைக் குறிலிலிருந்து பிரிப்பது கொம்பின் மேற்பகுதியில் உள்ள ஒரு சிறு சுழி மட்டுமே. எகர ஏகார வேறுபாட்டைக் கொம்பின் வடிவத்திலேயே காட்டும் இம்முறையை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் புகுத்தியதாகக் கூறுவர். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் ஒருவர் அரும்பாடுபட்டுத் திறந்துவைத்த அந்தத் துளை, அளவின்றித் தடிக்க வைத்த எழுத்தில் மையால் அடைபட்டுப்போகிறது. பத்தடி தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் ‘கேம்பல் பே’ ‘கெம்பல் பெ’ ஆகிறது.

அடுத்து சாய்வு. எழுத்துருவில் சாய்வெழுத்து இல்லாதபோது இணைய உலாவிகள் தாமே போலிச் சாய்வை உருவாக்குகின்றன. அதற்குப் பொதுவாகக் கொள்ளப்படும் கோணம் 14 பாகை. இதன் கணக்கு எளிது. ஒரு புள்ளி அடிக்கோட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வலப்பக்கம் நகரும். ஆயிரம் அலகுக் கட்டத்தில் வரையப்பட்ட எழுத்தில் மெய்ப்புள்ளி 800 அலகு உயரத்தில் இருந்தால் அது 200 அலகு நகர்கிறது. எழுத்துடலின் நடுப்பகுதி, அதாவது 300 அலகு உயரத்தில் உள்ள பகுதி, 75 அலகு மட்டுமே நகர்கிறது. இடைவெளி 125 அலகு. ‘ம’ போன்ற அகன்ற எழுத்தில் இதனால் பெருங்கேடு இல்லை. ‘ர்’ போன்ற ஒடுங்கிய எழுத்தில் புள்ளி தன் எழுத்தின் நடுவை விட்டு விலகி, அடுத்த எழுத்தின் எல்லையைத் தொடுகிறது. மெய்யைக் காட்ட வந்த புள்ளி யாருடையது என்று கண் தடுமாறுகிறது. தொல்காப்பியம் மெய்க்குப் புள்ளியை இலக்கணமாக வகுத்த பின்னும் ஓலை எழுதியவர்கள் நூற்றாண்டுகளாக அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். அச்சுதான் அதை நிலைப்படுத்தியது. இப்போது விளையாட்டுச் சட்டையில் அது மறுபடியும் இடம்பெயர்கிறது.

‘நிக்கோபார்’ என்று எழுதும்போது இச்சிக்கல் உச்சத்தை அடைகிறது. இச்சொல்லின் இறுதியில் துணைக்காலும் ரகர மெய்யும் அடுத்தடுத்து வருகின்றன. துணைக்காலையும் ரகரத்தையும் பிரிப்பது ரகரத்தின் அடியில் உள்ள சிறு சாய்கோடு. ரகரத்தின் மேல் புள்ளியோ மேல்விலங்கோ இருந்தால் அக்குறியே போதும் என்று கருதிப் பல அச்செழுத்துகள் அந்தச் சாய்கோட்டையும் விட்டுவிடுகின்றன. மொழியியல் மாணவர்களுக்கு இது பழகிய செய்தி: சூழலே வேறுபாட்டைக் காட்டும்போது கூறு ஒன்று மிகையாகிறது; மிகையானது உதிர்கிறது. நேரான எழுத்தில் இந்தச் சிக்கனம் அழகாக வேலை செய்கிறது. எல்லாவற்றையும் சாய்த்துவிட்டால் என்ன நடக்கிறது? சாய்கோடு உள்ள ரகரத்தில், சாய்வு என்னும் கூறு தன் வேறுபடுத்தும் ஆற்றலை இழக்கிறது. எல்லாமே சாய்ந்திருக்கும் இடத்தில் சாய்வு எதையும் சொல்வதில்லை. சாய்கோடு இல்லாத ரகர மெய்யிலோ, வேறுபாட்டின் முழுச்சுமையையும் தாங்கிநின்ற புள்ளி நகர்ந்துபோகிறது. ஒலியனியலில் நடுநிலையாக்கம் எனப்படுவதற்கு இணையான ஒன்று கண்முன்னே வரிவடிவத்தில் நிகழ்கிறது. இரண்டு பருத்த கால்கள் அடுத்தடுத்துச் சாய்ந்து நிற்கின்றன. எங்கோ ஒரு புள்ளி. வாசிப்பவர் ஊரை முன்பே அறிந்திருப்பதால் மட்டுமே படித்துவிடுகிறார்.

இவ்வளவு தொல்லை எதற்கு, தமிழுக்குச் சாய்வு இயல்பன்று, விட்டுவிடலாமே என்பது ஒரு தரப்பு. மரபுப்பற்றிலிருந்து எழும் இந்த வாதம் வரலாற்றின் முன் நிற்பதில்லை. உரோமன் எழுத்துக்கும் சாய்வு பிறவிக்குணம் அன்று. வெனிசில் ஆல்டுஸ் மனூட்டியுஸுக்காகப் பிரான்செஸ்கோ கிரிஃபோ செதுக்கிய சாய்வெழுத்தில் வெர்ஜிலின் நூல் 1501இல் வந்தது. அறிஞர்களின் விரைந்த கையெழுத்தைப் பின்பற்றிய அந்த எழுத்தில் வேகம் என்னும் அடையாளப்பொருள் இல்லை. சாய்வு வேகத்தின் குறியானது 20ஆம் நூற்றாண்டில்தான். அதில் நிழற்படக் கருவிக்கும் பங்குண்டு என்று கருதப்படுகிறது. 1910களின் தொடக்கத்தில் ழாக் ஆன்றி லார்த்திக் எடுத்த பந்தயக் காரின் படத்தில், மூடி மெல்ல நகரும் கருவியின் குறைபாட்டால் சக்கரம் முட்டைவடிவாகி முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். கருவி செய்த பிழையை ஓவியர்களும் கேலிச்சித்திரக்காரர்களும் வேகத்தின் இலக்கணமாக்கிக்கொண்டார்கள். ஆகவே உரோமன் எழுத்தின் சாய்வும் கற்றுக்கொண்ட வழக்கமே. கற்றுக்கொள்ளும் உரிமை தமிழுக்கு மட்டும் இல்லை என்பது மரபுப்பற்று ஆகாது. தமிழ் எழுத்து எப்போது மாறாமல் இருந்தது? 1978இல் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய கூட்டுவடிவங்களை அரசாணை ஒன்று நீக்கியது. இன்றைய மாணவர் பலர் அவற்றைப் படிக்கவே திணறுவர்.

இதற்கு நேரெதிரான பிழை கல்வித்துறையிலேயே நடக்கிறது. ஆங்கில ஆய்வேட்டு நெறிகளை அப்படியே பெயர்த்து, நூற்பெயர்களையும் மேற்கோட்சொற்களையும் சாய்வெழுத்தில் தருக என்று கேட்கும் வழக்கம் உண்டு. தமிழில் வேறுபாட்டைக் காட்ட ஒற்றை மேற்கோட்குறியும் தடித்த எழுத்தும் இருக்க, போலிச் சாய்வில் சிறிய எழுத்தைப் படிக்கச் சொல்வது வாசிப்பவரின் கண்ணுக்குத் தண்டனை. சாய்வு எங்கே பொருள் தருகிறதோ அங்கே அது வேண்டும். வெறும் வழக்கத்துக்காக வேண்டியதில்லை.

நன்கு வரைந்த சாய்வு எப்படி இருக்கும் என்பதற்குத் தொடக்கநிலைச் சான்றுகள் இருக்கின்றன. தாரிக் அஸீஸ் வடிவமைத்த ‘கவிவாணர்’ கையெழுத்துச் சாயலில் இயல்பாகச் சாய்ந்த தமிழ் எழுத்துரு; கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைப்பது. தமிழ் சாயும், சாய்ந்தும் படிக்கக் கிடைக்கும் என்பதற்கு அது ஒன்றே போதும். ஆனால் அதன் குரல் மென்மையானது. திருமண அழைப்பிதழுக்கு உகந்தது, கோப்பைக்கான இறுதியாட்டத்துக்கு உகந்ததன்று. மறுபக்கம், ஏக் டைப் வடிவமைப்பகத்தின் ‘அனேக் தமிழ்’ ஒடுங்கியது முதல் மிக அகன்றது வரை, மெலிந்தது முதல் மிகத் தடித்தது வரை நெகிழ்ந்துதரும் குடும்பம். தடிப்பும் அகலமும் கூடும்போது சுழிகளை எப்படித் திறந்துவைப்பது என்பதற்கு அது நல்ல பாடநூல். அதில் இல்லாதது சாய்வு. இவ்விரண்டும் கற்பித்ததை ஒன்றுசேர்த்து, கூர்மையையும் முறுக்கையும் ஊட்டும் பணிதான் எஞ்சியிருக்கிறது.

அந்தப் பணியில் சில முடிவுகளை வடிவமைப்பாளர் மட்டும் எடுத்தால் போதாது. எழுத்தின் எந்தக் கூறு பொருள் வேறுபடுத்துகிறது, எது அணி என்று சொல்லத் தெரிந்தவர் அருகில் வேண்டும். தண்டுகள் சாயட்டும், மெய்ப்புள்ளியை இடப்பக்கம் பின்னிழுத்துத் தன் எழுத்தின் நடுவில் இருத்த வேண்டும். புள்ளியை வட்டமாக விடாமல் சாய்சதுரமாக்கினால் தடித்த உடல்களுக்கு ஈடாக நிற்கும். ரகர மெய்க்குச் சாய்கோட்டை மீட்டுத் தரவேண்டும். நேரான எழுத்தில் மிகையானது இங்கே தேவையாகிறது. இரட்டைக்கொம்பின் சுழியை மூடிய வளையமாக வரையாமல் திறந்த வெட்டாக வரையலாம். கோணமும் 14 பாகை இருக்க வேண்டியதில்லை. தமிழ்ச்சொற்கள் நீளமானவை, மிகச் சாய்ந்தால் பலகையின் மறுமுனையில் சொல் கவிழ்ந்து விழுவதுபோல் தோன்றும். வேகத்தைச் சாய்வால் மட்டுமே காட்டவேண்டும் என்பதும் இல்லை. ‘ட’, ‘ப’, ‘ம’ ஆகியவற்றின் அடிக்கோடு தமிழுக்கே உரிய செல்வம். பெரிய அளவில் எழுதும்போது அக்கோட்டை முன்னோ பின்னோ நீட்டி, ஓட்டத்தின் தடமாக்க முடியும். தூரிகையால் பேருந்துகளிலும் சுவர்களிலும் எழுதிய ஓவியர்கள் கடைசி எழுத்தின் வாலைச் சொல்லின் அடியில் இழுத்துவிட்டதும் இந்த அறிவால்தான். நெகிழிப்பதாகை வந்தபோது அவர்கள் தொழிலை இழந்தார்கள். கையில் இருந்த எழுத்தறிவையும் யாரும் பதிந்துவைக்கவில்லை என்பது தமிழ் அச்சு வரலாற்றில் ஒரு பெருங்குறை.

பனியனில் எந்த எழுத்து இருந்தால் என்ன, பந்தயத்தில் வெல்வதல்லவா முக்கியம் என்று கேட்பவர்க்கு, பெரிய நிக்கோபாரில் ‘எதிர்காலம்’ என்னும் சொல்லுக்கு இன்று உள்ள பொருளைச் சுட்டினால் போதும். 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 8,000 பேரே வாழ்ந்த தீவு அது. கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெயர்ப்புத் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், நகரியம் ஆகியவற்றைக் கொண்ட திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. காலப்போக்கில் மூன்றரை இலட்சம் பேர் அங்கே வாழக்கூடும் என்று திட்டம் கணிக்கிறது. காட்டுக்கும் கடலாமைகளுக்கும் ஷோம்பென் மக்களுக்கும் அதனால் நேரக்கூடியவை குறித்து எழுந்துள்ள எதிர்ப்பு வலுவானது, நியாயமானது. வரிவடிவம் பற்றிய கேள்வி அதற்கு அடுத்த நிலையில்தான் நிற்கும். ஆயினும் புதிய நகரம் எனப்படுவது தன்னை எப்படி எழுதிக்கொள்ளும் என்பதை ஊகிப்பது கடினமன்று. தடித்த, சாய்ந்த, மூலை வெட்டிய உரோமன் எழுத்து. அருகே, தலைக்கோட்டால் இழுத்துக் கட்டப்பட்ட தேவநாகரி. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று பெயர் சொல்லித் தமிழில் எழுதிய தீவு அது. கல்லில் பெயர் இருந்தது என்பது கடந்தகாலத்துக்கு மட்டும் உரிமை தரும். எதிர்காலப் பலகையில் இடம் கேட்பதற்கு, அந்தப் பலகைக்குத் தகுந்த எழுத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

தமிழைவிடக் கடினமான நிலையில் நிக்கோபாரிய மொழிகள் உள்ளன. கார் நிக்கோபார் மொழி உரோமன் எழுத்தில் எழுதப்படுகிறது. பின்னாளில் ஆயரான ஜான் ரிச்சர்ட்சன் விவிலியத்தைப் பெயர்த்தது அவ்வெழுத்துமுறையில்தான். ஆகவே நூற்றுக்கணக்கான உரோமன் காட்சி எழுத்துருக்களும் அவர்களுக்குத் திறந்திருக்கின்றன என்று தோன்றும். ஆனால் அம்மொழியின் உயிரொலிகளைக் காட்ட எழுத்தின் தலைமேல் இடும் புள்ளிகளும் கோடுகளும் தேவை. இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டுப் பாணி எழுத்துருக்கள் பலவற்றில் ஆங்கிலத்துக்கு வேண்டிய இருபத்தாறு எழுத்துகளுக்கு மேல் எதுவும் இருப்பதில்லை. கால்பந்தில் பெருவிருப்புடைய அம்மக்களின் குழு ஒன்று தன் மொழியில் தன் பெயரை அச்சிட்டால், புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக்கட்டம் வந்து நிற்கும்; அல்லது புள்ளியை நீக்கிவிட்டு வேறொரு சொல்லை அணிந்து ஆட வேண்டியிருக்கும். தமிழில் இடம்பெயரும் மெய்ப்புள்ளியும் நிக்கோபாரியத்தில் காணாமற்போகும் உயிர்ப்புள்ளியும் ஒரே மேசையில் வைத்து ஆராயத்தக்கவை. எழுத்துருத் தொழில்நுட்பமும் மொழியியலும் கற்பிக்கும் துறைகள் ஒரு பருவத்துக்கான களப்பயிற்சியாக இதை எடுத்துக்கொள்ளலாம். செலவு மிகக் குறைவு. சோதனைச் சொற்களாகக் ‘கேம்பல் பே’யும் ‘நிக்கோபா’ரும் தயாராக இருக்கின்றன.